சொந்தப் பாட்டு பேண்டுக்கு மேனேஜர்: கமிஷன், லேபிள் ஒப்பந்தம், நிகழ்ச்சி – எதை முதலில் சரி செய்வது?

நொய்யல்_கரை கேட்டது:

வணக்கம். கோயமுத்தூரில் ஐந்து பேர் பேண்டு. பாடகர் (பாட்டு எழுதுவதும் அவரே), கிதார், பேஸ், டிரம்ஸ், பறை. சினிமாப் பாட்டு கிடையாது, கையில் 11 சொந்தப் பாட்டு. மூன்றை ஆன்லைனில் விட்டாயிற்று. என்னை மேனேஜராக இருக்கச் சொல்கிறார்கள். இப்போது கேள்விகள்:

கமிஷன் எத்தனை சதவீதம், மொத்தத்திலா, செலவு போக மிச்சத்திலா? நண்பர்களுக்குள் எழுத்தில் ஒப்பந்தம் வேணுமா? சென்னையில் ஒரு லேபிள் (பாட்டு வெளியிடும் நிறுவனம்) ஆறு பாட்டுக்கு 1,50,000 ரூபாய் தருகிறேன் என்கிறது. "எல்லா உரிமையும், உலகம் முழுக்க, நிரந்தரமாக" என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா? ஜனவரியிலிருந்து கல்லூரி கல்ச்சுரல்ஸ் சீசன், நாலு இடத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள். நிகழ்ச்சிக்கு முன் என்னென்ன பார்க்கணும்? கடைசியாக, இதெல்லாம் நடக்கணும்னா சென்னைக்குக் குடி போயே ஆகணும் என்கிறார்களே, உண்மையா?

கணக்குப்புள்ள:

கமிஷன் 15 முதல் 20 வரை வழக்கம். சதவீதத்தைவிட எதன் மேல் சதவீதம் என்பதுதான் சண்டை வரும் இடம். ஒரு கல்லூரி நிகழ்ச்சியை எடுத்துப் போட்டுப் பாருங்கள்.

பேசிய தொகை 1,20,000. வேன் 12,000, அறை 8,000, சாப்பாடு 4,000, கூட வரும் சவுண்ட் இன்ஜினியர் 7,000, டிரம்ஸ் செட் வாடகையும் ஏற்றுகூலியும் 5,000. செலவு 36,000. மொத்தத்தில் 15% என்றால் உங்களுக்கு 18,000. செலவு போன 84,000-இல் 15% என்றால் 12,600. ஒரே நிகழ்ச்சியில் 5,400 வித்தியாசம். சின்ன பேண்டுக்கு மிச்சத்தின் மேல்தான் நியாயம். ஆனால் "செலவு" என்பதில் எதெல்லாம் வரும் என்று பட்டியல் போட்டு எழுதுங்கள். புதுக் கிதார் தந்தி வாங்கியது செலவா, சொந்தச் சாமானா என்கிற கேள்வி கண்டிப்பாக வரும்.

அடுத்தது டிடிஎஸ், அதாவது பணம் தருபவரே முன்கூட்டிப் பிடித்துக் கட்டும் வருமான வரி. கல்லூரி 10% பிடித்து 1,08,000 தான் அனுப்பும். செலவும் உங்கள் கமிஷனும் போனால் கையில் 59,400, ஆளுக்கு 11,880. கணக்குப்படி ஆளுக்கு 14,280 வரணும். மிச்ச 2,400 வீதம் ஐந்து பேர் பணம், 12,000, யாருடைய பான் எண் கொடுத்தீர்களோ அவர் வரிக் கணக்கில் கிடக்கும். பெரும்பாலும் பாடகர் பான் எண்ணைத்தான் கொடுப்பார்கள். இப்படி எட்டு நிகழ்ச்சி ஆனால் 9,60,000 ரூபாயும் அவர் ஒருவர் வருமானமாக வரித்துறையில் பதிவாகும். ரீஃபண்ட் வரும்போது மற்ற நால்வருக்கும் அது நினைவிருக்கும், அவருக்கு இருக்காது.

தீர்வு இரண்டு. ஒன்று, கூட்டு நிறுவனமாகப் பதிந்து தனி பான், நடப்புக் கணக்கு. ஆனால் நிறுவன லாபத்துக்கு நேராக 30% வரி, அதனால் பங்குதாரர் சம்பளத்தை ஒப்பந்தப் பத்திரத்திலேயே எழுதி வைக்கணும். ஆண்டுக்கு ஐந்தாறு நிகழ்ச்சிக்கு இது அதிகம். இரண்டாவது, ஐந்து பேரும் தனித்தனி பில். ஒரே கல்லூரி ஓர் ஆண்டில் ஒருவருக்குத் தருவது 50,000-க்குள் இருந்தால் (2025 ஏப்ரலுக்கு முன் 30,000) தொழில்முறைக் கட்டணத்தில் டிடிஎஸ் பிடிக்கத் தேவையில்லை. கல்லூரி அக்கவுண்ட்ஸ் பிரிவு ஐந்து வவுச்சர் போட முகம் சுளிக்கும், முன்கூட்டியே பேசி வையுங்கள். பான் எண் கொடுக்காவிட்டால் 20% பிடிப்பார்கள்.

ஜிஎஸ்டி: சேவைக்கு ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டும்வரை பதிவு வேண்டாம். பதிவில்லாமல் பில்லில் 18% சேர்த்து வாங்கவே கூடாது. "ஜிஎஸ்டி பில் இல்லாமல் பணம் தர மாட்டோம்" என்று சொல்லும் இடத்தில், பதிவு தேவைப்படவில்லை என்று ஒரு கடிதம் கொடுத்தால் போதும்.

பழைய_கேசட்:

லேபிள் ஒப்பந்தத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இப்போது இருக்கிற வடிவில் போடாதீர்கள்.

ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. வரியும் மெட்டும் ஒன்று. அதை ஒலிப்பதிவு செய்த மாஸ்டர் இன்னொன்று. "எல்லா உரிமையும்" என்ற ஒரே சொல்லில் இரண்டையும் சேர்த்து அள்ளுவது கேசட் காலத்துப் பழக்கம். அன்று ஒருமுறை பணம் வாங்கிக் கொண்டு போனால் அதோடு முடிந்தது. 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதன்படி, சினிமாவில் சேராத ஒலிப்பதிவில் உள்ள வரிக்கும் மெட்டுக்கும் வரும் ராயல்டியில், உரிமை வாங்கியவரோடு சம பங்கு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உண்டு. அதை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது; கொடுத்தாலும் செல்லாது. ஆனால் இந்தப் பாதுகாப்பு வரிக்கும் மெட்டுக்கும்தான். மாஸ்டருக்குக் கிடையாது. மாஸ்டரைக் கொடுத்தால் கொடுத்ததுதான். வெளியான மறு ஆண்டிலிருந்து 60 ஆண்டு அது லேபிளுடையது.

ஒப்பந்தத்தில் 19(4) என்ற எண்ணைத் தேடுங்கள். உரிமை வாங்கியவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தவில்லை என்றால் அந்த உரிமை காலாவதி ஆகும், ஒப்பந்தம் வேறு மாதிரி சொன்னால் ஒழிய, என்கிறது சட்டம். அந்த "ஒழிய"வுக்காகவே "பிரிவு 19(4) பொருந்தாது" என்று ஒரு வரி எங்கேயாவது ஒளிந்திருக்கும், பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் இதரவை என்ற தலைப்பில். அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள். அது இருந்தால் ஆறு பாட்டையும் வாங்கி ஹார்ட் டிஸ்கில் போட்டுவிட்டு வெளியிடாமலே இருக்கலாம், நீங்களும் வெளியிட முடியாது. காலம் எழுதாவிட்டால் ஐந்தாண்டு, எல்லை எழுதாவிட்டால் இந்தியா என்று சட்டம் எடுத்துக் கொள்ளும். உங்களுடையதில் "நிரந்தரமாக", "உலகம் முழுக்க" என்று எழுதியே விட்டார்கள், அதனால் அது உதவாது.

பதிலுக்கு என்ன கேட்கலாம்: உரிமை மாற்றம் வேண்டாம், ஐந்தாண்டு லைசென்ஸ், பிறகு தானாகவே திரும்பி வரணும். வரவில் பாதிப் பாதி. ஆறு மாதத்துக்கு ஒரு கணக்கு, ஆண்டுக்கு ஒருமுறை கணக்குப் புத்தகம் பார்க்கும் உரிமை. 1,50,000 முன்பணமா, விலையா என்று தெளிவாக எழுதணும்.

முன்பணம் என்றால் அதை எந்தப் பானையிலிருந்து கழிக்கிறார்கள் என்று பாருங்கள். மொத்த வரவிலிருந்து கழித்தால், 1,50,000 வந்ததும் பங்கு பிரிக்க ஆரம்பிக்கும். உங்கள் பாதியிலிருந்து மட்டும் கழித்தால் 3,00,000 வந்த பிறகுதான் உங்களுக்கு முதல் ரூபாய். இதில் வீடியோ செலவையும் சேர்த்துவிட்டால் கதை முடிந்தது. 4,00,000-க்கு வீடியோ எடுத்தால் கழிக்க வேண்டியது 5,50,000. உங்கள் பாதியிலிருந்து என்றால் 11 லட்சம் வர வேண்டும். வீடியோ செலவில் பாதிக்கு மேல் எங்கள் கணக்கில் வரக்கூடாது, எழுத்தில் ஒப்புக்கொண்ட பட்ஜெட்டுக்கு மேல் ஒரு ரூபாயும் சேராது என்று எழுதுங்கள். இதற்கு ஒத்துவராத லேபிள் இந்தப் பாட்டை விற்கப் போவதில்லை, சேர்த்து வைக்கப் போகிறது.

நொய்யல்_கரை:

நன்றி. ஒரு சந்தேகம். வெளியான மூன்று பாட்டுக்கும் ஸ்டுடியோ செலவு போட்டது கிதாரிஸ்ட். அப்போ மாஸ்டர் அவருடையதா? மெட்டு எல்லோரும் சேர்ந்து ஜாமிங்கில் வந்தது.

பழைய_கேசட்:

ஒலிப்பதிவை முன்னின்று பொறுப்பெடுத்துச் செய்தவரே அதன் தயாரிப்பாளர், உரிமை அவருக்கு என்று சட்டம் சொல்கிறது. பணம் போட்டது வலுவான சான்று, அது மட்டுமே முடிவல்ல. பில் யார் பெயரில், ஸ்டுடியோவை யார் புக் செய்தது, எல்லாம் கேள்வி வரும். பாடகர் நாளைக்கு விலகினால் கேள்வி இன்னும் கூடும். இப்போதே ஒரு பக்கம் எழுதிவிடுங்கள்: மாஸ்டர் ஐந்து பேருக்கும் சமம், கிதாரிஸ்டுக்கு இவ்வளவு ரூபாய் முதல் வரவிலிருந்து திரும்பத் தரப்படும். ஐந்து கையெழுத்து, தேதி.

மெட்டுக்குப் பாட்டுவாரியாகப் பிரிவுத் தாள் தனியாகப் போடுங்கள். தலைப்பு, வரி எழுதியவர், மெட்டு யார் யார், சதவீதம், கூட்டினால் 100. பாட்டு முடிந்த அன்றே போடணும். ஹிட் ஆன பிறகு போட்டால் கூட்டுத்தொகை 140 வரும். அதே சதவீதத்தை ஐபிஆர்எஸ்ஸில் (வரிக்கும் மெட்டுக்கும் ராயல்டி வசூலிக்கும் சங்கம்) பதியுங்கள். வரி எழுதினவரும் மெட்டுப் போட்டவரும் தனித்தனியாக உறுப்பினர் ஆகணும். பேண்டு பெயரில் பொதுவாக ஒன்று போட்டால் போதாது.

பேண்டு பெயரையும் விடாதீர்கள். டிரேட்மார்க்கில் நிகழ்ச்சிக்கு வகுப்பு 41, ஒலிப்பதிவுக்கு வகுப்பு 9. தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். யார் பெயரில் எடுத்தாலும் பிரிந்தால் பெயர் யாரோடு போகும் என்பது ஐந்து பேரும் கையெழுத்துப் போடும் அந்தத் தாளில் இருக்கட்டும்.

மேடைக்குக்_கீழே:

நிகழ்ச்சி பக்கத்துக்கு வருகிறேன். கல்லூரிக்குப் "பேண்டு வருது, சவுண்ட் போட்டுடுங்க" என்று சொன்னால் கல்யாண மண்டபத்துக்குப் போகிற செட் வந்து நிற்கும். எண்ணிக்கை கொடுக்கணும்.

உங்கள் ஐந்து பேருக்கு: பாட்டு மைக் 2, பறைக்கு மைக் 2, பேஸ் டிஐ (மைக் இல்லாமல் நேராக மிக்ஸருக்கு இணைக்கும் பெட்டி) 1, கிதார் ஆம்ப் மைக் 1, அகௌஸ்டிக் கிதார் டிஐ 1, லேப்டாப் டிராக் (முன்பே பதிந்த இசை) ஸ்டீரியோ 2. டிரம்ஸுக்குக் கிக், ஸ்னேர், ஹை-ஹாட், டாம் 2, மேலே 2, ஆக 7. மொத்தம் 16. வாடகைக்காரர் கொண்டு வருவது 16 சேனல் மிக்ஸர். சரியாக இருக்கிறது என்று நினைக்கும்போது தொகுப்பாளர் மைக் வந்து நிற்கும். பதினேழாவது! நிகழ்ச்சி தொடங்கும் நேரத்தில் யாரோ ஒருவர் பறை மைக்கைப் பிடுங்கி அவருக்குக் கொடுப்பார். அதனால் தாளில் "24 சேனல்" என்றே எழுதுங்கள். இல்லாத இடத்தில் டிராக்கை மோனோ ஆக்கி, ஹை-ஹாட் மைக்கை விட்டால் 15-இல் அடங்கும். க்ளிக் (டிராக்கோடு தாளம் பிசகாமல் இருக்க டிரம்மர் கேட்கும் டிக்-டிக் ஒலி) மிக்ஸருக்கே போக வேண்டாம், லேப்டாப் இன்டர்ஃபேஸிலிருந்து நேராக டிரம்மர் காதுக்கு.

பறையைக் காய்ச்ச இடம் கேளுங்கள். உள்ளரங்கில் நெருப்புக்கு அனுமதி கிடையாது, ஏசி அரங்கில் அரை மணியில் தோல் தளர்ந்துவிடும். வெளியே காய்ச்சி, பறை வரும் பாட்டுக்குக் கொண்டு வர ஓர் ஆள் வேணும். பாட்டு வரிசையிலும் பறை வரும் பாட்டுகளைச் சேர்த்து வையுங்கள்.

மின்சாரம்: லைட்டுக்கும் சவுண்டுக்கும் ஒரே ஜெனரேட்டர் என்றால் லைட் மங்கும்போதெல்லாம் கிதாரில் இரைச்சல் ஏறும். தனித்தனி கேளுங்கள், முடியாவிட்டால் தனி ஃபேஸ். இரைச்சலைப் போக்கப் பிளக்கின் எர்த் பின்னை வெட்டுவார்கள். விடவே கூடாது. கிதார் பிடித்த கையோடு பாடகர் உதடு மைக்கில் படும்போது ஷாக் அடிப்பது இதனால்தான். டிஐ பெட்டியில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், அதைத் தட்டினால் போதும்.

நேரம்: இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது (2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி). கல்ச்சுரல்ஸில் 7 மணி என்று போட்டிருப்பார்கள். சிறப்பு விருந்தினர், பொன்னாடை, பரிசு எல்லாம் முடிய 8.50. உங்கள் 90 நிமிடம் 60 ஆகும். ஆகவே 90, 60, 35 நிமிடத்துக்கு மூன்று பாட்டு வரிசை கையில் இருக்கணும். "அமைப்பாளர் தாமதத்தால் நேரம் குறைந்தாலும் முழுத்தொகை" என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். பாதி முன்பணம் தேதி உறுதியாகும்போது, மீதி சவுண்ட் செக் முடிந்ததும், மேடை ஏறும் முன். மாணவர் சங்கப் பொறுப்பாளர் "நாளைக்கு அக்கவுண்ட்ஸ் திறந்ததும் போட்டுடுறோம்ணா" என்பார். நல்ல பையன்தான். ஆனால் ஏப்ரலில் அவர் பொறுப்பில் இருக்க மாட்டார். பேராசிரியர் ஒருவர் கையெழுத்து இருக்கட்டும்.

திருவிழா_சீசன்:

கணக்குப்புள்ள அண்ணன் சொன்னதில் ஒரு மாற்றுக் கருத்து. மிச்சத்தின் மேல் கமிஷன் என்றால் மேனேஜர் செலவைக் குறைக்கப் பார்ப்பார். முதலில் வெட்டு விழுவது சவுண்ட் இன்ஜினியருக்கு. சொந்தப் பாட்டு பேண்டுக்கு அந்த 7,000-தான் உயிர். இன்ஜினியர் சம்பளத்தை மட்டும் செலவில் சேர்க்காமல் ஆறாவது பங்குக்காரர் மாதிரி வைத்தால் இந்தச் சிக்கல் வராது.

இன்னொன்று, மெல்லிசைக் குழு ஏஜென்டுகளை ஒதுக்காதீர்கள். பங்குனி, சித்திரைக் கோயில் நிகழ்ச்சிகள் அவர்கள் வழியாகத்தான் வரும். அவர் கமிஷன் வேறு, உங்கள் கமிஷன் வேறு. இரண்டையும் மொத்தத்தில் எடுத்தால் பேண்டுக்கு ஒன்றும் மிஞ்சாது. ஏஜென்ட் பங்கைக் கழித்த பிறகே உங்களுடையதை எடுங்கள். கோயில் கமிட்டி சினிமாப் பாட்டு கேட்கும் என்பதை மறைக்காமல் பேண்டிடம் சொல்லிவிட்டு ஒப்புக் கொள்ளுங்கள்.

வட_இங்கிலாந்து_ரசிகன்:

சென்னைக்குப் போகணுமா என்ற கேள்விக்கு மான்செஸ்டரைப் பாருங்கள். ராப் கிரெட்டன் 1978-இல் அந்த ஊர் பேண்டான ஜாய் டிவிஷனுக்கு மேனேஜர் ஆனார், பிறகு அதன் தொடர்ச்சியான நியூ ஆர்டருக்கு. பெரிய லேபிள் எல்லாம் லண்டனில். அவர் போகவில்லை. ஊரிலேயே டோனி வில்சன், ஆலன் எராஸ்மஸ் நடத்திய ஃபேக்டரி லேபிளோடு நின்று, அதில் பங்குதாரரும் ஆனார். ஊரில் இருந்தே உலகத்துக்குப் பாட்டு போனது. அது வரைக்கும் சரி.

கவனிக்க வேண்டியது அடுத்த பாதி. பேண்டின் மேனேஜரே லேபிளின் பங்குதாரர். 1982-இல் ஃபேக்டரியும் நியூ ஆர்டரும் சேர்ந்து ஹசியெண்டா என்ற கிளப்பைத் திறந்தார்கள். கிளப் நஷ்டத்தில் ஓட, பாட்டு சம்பாதித்த பணம் அங்கே போனது. பேண்டு சார்பில் "போதும்" என்று சொல்ல வேண்டிய ஆள் மேஜையின் மறுபுறத்திலும் உட்கார்ந்திருந்தார். 1992-இல் ஃபேக்டரி திவாலானது. லண்டன் ரெக்கார்ட்ஸ் வாங்க வந்து பார்த்தால், பாட்டுகள் லேபிளுக்குச் சொந்தம் என்று சொல்லும் வழக்கமான ஒப்பந்தமே இல்லை. பாட்டு கலைஞர்களுடையது என்பதுதான் ஃபேக்டரியின் கொள்கை. லேபிளை வாங்க ஒன்றுமில்லாமல் போனது, பேண்டு பாட்டோடு தப்பித்தது. எழுத்து வேண்டாம் என்பவர்கள் இந்தக் கதையைத்தான் சொல்வார்கள். அங்கே எழுத்தில்லாமை பேண்டுக்குச் சாதகமாக விழுந்தது, அவ்வளவுதான். உங்கள் லேபிள் அனுப்பியிருப்பது எழுத்து, அதுவும் நிரந்தரம் என்ற எழுத்து. நீங்கள் ஊரில் சின்ன லேபிள் தொடங்கினால் மேனேஜர் கமிஷனும் லேபிள் பங்கும் ஒரே பாட்டில் எடுக்காதீர்கள். ஏதாவது ஒன்று.

மேனேஜர் ஒப்பந்தத்துக்கு லிவர்பூல் பாடம். 1967 ஜனவரியில் பீட்டில்ஸ் இஎம்ஐ லேபிளோடு ஒன்பதாண்டு ஒப்பந்தம் போட்டபோது, அவர்கள் மேனேஜர் பிரையன் எப்ஸ்டைனின் நெம்ஸ் நிறுவனத்துக்கு ராயல்டியில் 25% போகும்படி அமைந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் எப்ஸ்டைன் இறந்தார். மேனேஜர் போன பிறகும் நிறுவனத்தின் பங்கு நின்றது. அதனால் உங்கள் தாளில் இறங்குபடி எழுதுங்கள்: ஒப்பந்தம் இரண்டாண்டு, நீங்கள் விலகினால், நீங்கள் பிடித்துக் கொடுத்த வேலைகளுக்கு மட்டும் முதலாண்டு முழுக் கமிஷன், அடுத்த ஆண்டு பாதி, அப்புறம் இல்லை.

அப்லோடு_ஆறுமுகம்:

வெளியீடு பற்றி யாரும் சொல்லவில்லை. பாட்டை விநியோகத் தளத்தில் (ஸ்பாட்டிஃபை போன்ற இடங்களுக்குப் பாட்டை அனுப்பும் தளம்) நான்கு வாரம் முன்பே ஏற்றுங்கள். ஸ்பாட்டிஃபை எடிட்டர்களுக்குக் குறைந்தது ஏழு நாள் முன்பு அனுப்பினால்தான் பின்தொடர்பவர்களின் ரிலீஸ் ரேடாரில் (வாராவாரம் வரும் புதுப்பாட்டுப் பட்டியல்) நீங்கள் கேட்ட பாட்டு போகும். வெள்ளிக்கிழமை வெளியீடு, வியாழன் அப்லோடு என்றால் அந்தக் கதவு மூடியாயிற்று. 24 பிட் வேவ் ஃபைல், அட்டைப்படம் 3000-க்கு 3000, அதில் இன்ஸ்டா ஐடி, போன் நம்பர் எதுவும் கூடாது, திருப்பி அனுப்பிவிடுவார்கள். 12 மாதத்தில் 1,000 முறை கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை ஒலிப்பதிவு ராயல்டி தருவதில்லை, ஆகவே மீதி எட்டுப் பாட்டையும் ஒரே நாளில் கொட்டாதீர்கள்.

வாடகை பீட் (பலருக்கும் விற்கும் தயார் பின்னணி இசை) வாங்கிப் பாட்டு செய்திருந்தால் யூடியூப் கன்டென்ட் ஐடி (உங்கள் இசை வரும் வீடியோவைத் தானாகக் கண்டுபிடித்து உரிமை கோரும் ஏற்பாடு) பெட்டியில் டிக் போடாதீர்கள். அதே பீட்டை இன்னும் பத்துப் பேர் வாங்கியிருப்பார்கள். உங்கள் பெயரில் அவர்கள் வீடியோவுக்கெல்லாம் கிளெயிம் போகும், அவர்கள் திருப்பி அடிப்பார்கள், கணக்கு முடங்கும். சொந்த இசை என்றால் டிக் போட்டுவிட்டு, பேண்டு சேனலை விலக்குப் பட்டியலில் சேருங்கள். இல்லாவிட்டால் உங்கள் பாட்டுக்கு உங்கள் சேனலிலேயே கிளெயிம் வரும்.

விநியோகத் தளம், யூடியூப், ஐபிஆர்எஸ் எல்லாவற்றுக்கும் பேண்டு பெயரில் ஒரு மின்னஞ்சல் திறந்து, அதற்குப் பேண்டுக்காரர் இருவர் போன் எண்ணைக் கொடுங்கள், உங்கள் எண்ணை அல்ல. ஒவ்வொரு பாட்டுக்கும் வரும் 12 எழுத்து ஐஎஸ்ஆர்சி எண்ணை (அந்த ஒலிப்பதிவின் அடையாள எண்) ஒரு தாளில் தனியாக எழுதி வையுங்கள். தளம் மாறும்போது பழைய எண்ணைக் கொடுக்காமல் புதிதாக எடுத்துவிட்டால், பழைய கேட்பு எண்ணிக்கை முழுவதும் பூஜ்யத்துக்குப் போய்விடும். பேண்டு பெயரை ஆங்கிலத்தில் எழுதும் எழுத்துக்கூட்டலையும் அதே தாளில் ஒருமுறை முடிவு செய்யுங்கள். ழகரம் பெயரில் இருந்தால் மூன்று வெளியீட்டுக்கு மூன்று விதமாக எழுதி, மூன்று கலைஞர் பக்கம் முளைத்திருக்கும். வெளியான அந்த மூன்று பாட்டையும் இன்றைக்கே தேடிப் பாருங்கள்.